நாற்பத்திரண்டு பேரும் ‘புரிந்தது டீச்சர்’ என்றால்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்குப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பணிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். தொண்டை வறளப் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்கிறேன். “புரிந்தது டீச்சர்” என்று கூரை அதிரச் சொல்கிறார்கள். தேர்வு வைத்தால் அதே கணக்கில் பாதிப் பேர் விழுகிறார்கள். யாரையாவது எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் ஜூன் மாதத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்சம் சிரித்துப் பேசினால் வகுப்பு சந்தைக்கடை ஆகிறது. கண்டித்தால் மூச்சுக்கூட விடுவதில்லை. சத்தம் வெளியே கேட்டால் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நிற்கிறார். எனக்குப் பேசத் தெரியவில்லையா, இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லையா?

— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்களுக்கு நன்றாகவே பேசத் தெரிகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ‘தொண்டை வறள’ என்ற இடத்தில் நின்றுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். 43 பேர் இருக்கும் ஓர் அறையில் ஒருவருக்கு மட்டும் தொண்டை வறள்கிறது என்றால், மற்ற 42 பேருக்கும் அங்கே வேலை இல்லை என்று பொருள்.

முதலில் அந்தப் “புரிந்ததா?” விஷயத்தைப் பார்ப்போம். நீங்கள் அதைக் கேள்வி என்று நினைத்துக் கேட்கிறீர்கள். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவனிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. “புரிந்தது” என்றால் அதோடு தொல்லை முடிந்தது. “புரியவில்லை” என்றால் 41 தலைகள் அவன் பக்கம் திரும்பும். டீச்சர் பெருமூச்சு விடுவார். அதே கணக்கை அதே வார்த்தைகளில் முதல் வரியிலிருந்து இன்னொரு முறை போடுவார். அடுத்த பீரியட் விளையாட்டு என்றால் பக்கத்தில் இருப்பவன் தொடையில் கிள்ளுவான். எந்தப் பதிலைச் சொல்வான்? போதாக்குறைக்கு, தனக்குப் புரியவில்லை என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கள் கரும்பலகையில் போடும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். நீச்சல் அடிப்பவரைக் கரையிலிருந்து பார்த்தால் நமக்கும் நீச்சல் வரும் போலத் தோன்றுகிறதே, அந்தக் கதைதான். காலையில் வருகைப் பதிவேட்டை விரித்ததும் “உள்ளேன் டீச்சர்” என்கிறார்களே, இந்தப் “புரிந்தது டீச்சர்” அதற்குத் தம்பி. ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் கணக்கு வாத்தியார்தான். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் சம்பளம் வாங்கினேன். ஒருநாள், ஏதோ வேடிக்கையாகத்தான், வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரை எடுத்துப் போய் மேசைக்கு அடியில் வைத்து என் பாடத்தைப் பதிவு செய்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது நிமிடமும் ஒரே குரல், என் குரல். நடுநடுவே கேள்விகள் இருந்தன, ஆனால் எதற்கும் பிள்ளைகள் பதில் சொல்லவில்லை. “அப்படியானால் இந்தக் கோணம் எவ்வளவு? அறுபது. சரியா? சரி.” கேள்வி நான், பதில் நான், சரி என்றதும் நான். என் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே ஒரு பிள்ளை மூச்சை இழுத்து வாயைத் திறக்கக்கூட நேரமில்லை. இப்போது உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஒரே ஒரு பீரியடைப் பதிவு செய்து கேளுங்கள். யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். நான் இங்கே எழுதுவதைவிட அது அதிகம் சொல்லும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் இதேபோல் வகுப்புகளைப் பதிவு செய்து, நொடிக் கணக்கில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்த நேரம் பெரும்பாலும் ஒரு நொடி, அல்லது அதற்கும் குறைவு. அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்பது, கேள்வியை மாற்றுவது, தாங்களே பதிலைச் சொல்லிவிடுவது. அதை மூன்று நொடிக்கு நீட்டச் சொன்னார். பதில்கள் நீளமாயின. “தெரியாது” என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகள் திருப்பிக் கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று நொடி என்றால் ஏளனமாகத் தோன்றும். நாளைக்கே வகுப்பில் நின்று பாருங்கள், ஒரு யுகமாகத் தெரியும். பாட்டில் இருந்தால் எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். எனக்கு அப்படித்தான் பழகியது.

அவர் அளந்த இன்னொரு இடமும் உண்டு. அதை நாம் கவனிப்பதே இல்லை. ஒரு பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அங்கேயும் காத்திருப்பதில்லை. “வெரி குட், உட்கார்.” அல்லது “தப்பு, அடுத்து யார்?” இரண்டாலும் கதவு சாத்தப்படுகிறது. பாராட்டும் சாத்துகிறது என்பதுதான் எனக்குப் பிடிபட நாளானது. ‘வெரி குட்’ காதில் விழுந்த உடனே மற்ற 41 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். விடை கிடைத்துவிட்டதே, இனி எதற்கு மண்டையை உடைக்க வேண்டும்? பதில் சரியோ தப்போ, முகத்தில் எதையும் காட்டாமல், “எப்படி வந்தது, சொல்லு” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுங்கள். முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். பிள்ளைகள் நம் புருவத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் படித்திருக்கிறார்கள்.

அப்படிக் கேட்டதால் எனக்குக் கிடைத்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் 0.35, 0.8 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். ஒரு பெண் 0.35 என்றாள். பழைய ஆளாக இருந்தால் “தப்பு, உட்கார்” என்றிருப்பேன். அன்றைக்கு “எப்படி?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “புள்ளி எட்டு என்றால் எட்டுப் பைசா சார். புள்ளி முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து பைசா.” அவள் சொல்வது சரி என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். பாதி வகுப்புக்கு மேல் தூக்கியது. அதில் முந்தின வாரம் தசம எண் கூட்டலில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

சாக்பீஸும் கையுமாக நின்றேன். அவளை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று வாய்க்கு வாய் சொன்னவன் நான். ‘புள்ளி மூன்று ஐந்து’ என்று சொல்லியிருக்க வேண்டும். கடையிலும் பில்லிலும் காசு எப்போதும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கங்களோடுதான் இருக்கும். 0.80 என்று அவள் பார்த்திருப்பாள். 0.8 என்ற உருவத்தைக் காசுக் கணக்கில் அவள் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க, அதை எட்டுப் பைசா என்று படித்தது அவள் அறிவுக்கு எட்டிய நியாயமான முடிவு. மீட்டர் அளவுகோலைக் கையில் கொடுத்தேன். இது முழுதும் ஒன்று என்றால் 0.8 எங்கே இருக்கும் என்று கேட்டேன். பத்தாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போய் எட்டாவது இடத்தில் ஒரு விரலை வைத்தாள். 0.35-க்கு மூன்றைத் தாண்டி, நான்குக்குப் போகும் வழியில் பாதியில் இன்னொரு விரல். இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. “அட!” என்றாள். பின்னால் யாரோ ஒருவன் “அப்போ என்னுடையதும் தப்பா?” என்று கேட்டான். அதுவரை அந்த வகுப்பில் யாரும் தானாக ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

“புரிந்ததா?” என்று கேட்டிருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது. அதனால் என் முதல் யோசனை, அந்தச் சொல்லை ஒரு மாதத்துக்கு வாயிலேயே எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, தவறு செய்ய வாய்ப்புள்ள ஒரே ஒரு கேள்வியை முந்தின நாள் இரவே யோசித்து எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு நிறைய இருக்கின்றன. ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது, (0, 4) என்ற புள்ளி எந்த அச்சின் மீது இருக்கிறது என்று கேளுங்கள். முதல் எண் பூச்சியம், ஆகவே எக்ஸ் அச்சு என்று பலர் சொல்வார்கள். அது இருப்பதோ ஒய் அச்சின் மீது. இயற்கணிதத்தில், மூன்றும் நான்கும் கூட்டி வர்க்கப்படுத்தினால் வருவதும், தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் வருவதும் ஒன்றா என்று கேளுங்கள். 49 எங்கே, 25 எங்கே! விடையை மட்டும் கேட்கும் கேள்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் உங்களுக்குத் தெரியும்.

கேட்டுவிட்டு யாரையும் எழுப்ப வேண்டாம். எல்லாரையும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். விடையும், ஏன் என்று ஒரு வரியும். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் மேசையை விட்டு இறங்கி பெஞ்சுகளுக்கு நடுவே நடங்கள். 42 கடைசிப் பக்கங்கள், 42 பதில்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரே சுற்றில் தெரிந்துவிடும். யாருடைய தலையும் குனியவில்லை, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றி முடித்ததும், “இங்கே இரண்டு விதமான விடைகள் இருக்கின்றன” என்று பெயர் சொல்லாமல் இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். வாதம் அங்கிருந்து தொடங்கட்டும். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறையைச் சில பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை கணக்கை யோசிப்பதில்லை, குச்சியை யோசிக்கிறது.

நடப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் வாத்தியார், தெரிந்தோ தெரியாமலோ, முன்வரிசையோடும் நடுவில் இருப்பவர்களோடும் மட்டும்தான் வகுப்பு நடத்துவார். ஆடம்ஸ், பிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்து 1970-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். ஓரங்களும் பின்வரிசையும் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பயணிகள் மாதிரிதான். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். கடைசி பெஞ்சுக்கு ‘மாப்பிள்ளை பெஞ்சு’ என்று பெயர் வைத்தது அவர்கள்தானே. யாரும் வேலை வாங்க மாட்டார்கள் என்பதால்தான் அந்தப் பெயர்.

பிள்ளைகள் வாய் திறக்காததற்கு உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணமும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த 2025-26-இல் ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் இவர்கள் ஐந்தாம் வகுப்பு. பின்னத்தையும் வகுத்தலையும் கையால் தொட்டுப் பழக வேண்டிய காலம் வீட்டிலும் தெருவிலும் போய்விட்டது. அடுத்தடுத்த வகுப்புகளுக்கு ஏற்றி விட்டோம், அடித்தளம் அப்படியே கிடக்கிறது. அவர்களுக்கு நீங்கள் விகிதமுறா எண் நடத்துகிறீர்கள். “புரிந்தது” என்பதைத் தவிர அவர்களால் வேறு என்னதான் சொல்ல முடியும்? எந்த இடத்தில் புரியவில்லை என்று சொல்வதற்கும் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும் அல்லவா? கடைசிப் பக்கம் அந்த இடத்தை உங்களுக்குக் காட்டிக் கொடுக்கும். நாலாம் வகுப்பு இடமாக இருந்தால் முகம் சுளிக்காமல் அங்கே இறங்குங்கள். பாடப்பகுதி பின்தங்கும். தங்கட்டும். முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதிய பாடத்தைத்தானே அவர்கள் தேர்வில் கோட்டை விடுகிறார்கள்?

மொழி இன்னொரு முட்டுக்கட்டை. உங்கள் வகுப்பு ஆங்கில வழியா, தமிழ் வழியா என்று எழுதவில்லை. அரசுப் பள்ளிகளில் இப்போது இரண்டும் இருக்கின்றன. பிள்ளை ஒன்றில் தொடங்கி மற்றொன்றுக்கு மாறியும் இருக்கும். தமிழில் ‘நான்கில் மூன்று’ என்கிறோம். கீழே இருக்கும் எண் முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘த்ரீ பை ஃபோர்’. மேலே இருப்பது முதலில். இரண்டையும் ஒரே வகுப்பில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனால், ‘நான்கில் மூன்று’ என்று காதில் விழுந்ததை வரிசையாக 4/3 என்று எழுதும் பிள்ளையை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அது கணக்குத் தப்பு அல்ல, கேட்டதை எழுதியதில் வந்த தப்பு. ஆங்கில வழி வகுப்பாகவே இருந்தாலும் காரணத்தைத் தமிழில் சொல்ல விடுங்கள். யோசிப்பது ஒரு மொழியிலும் சொல்வது வேறொரு மொழியிலும் என்றால், பதினான்கு வயதில் பலர் மௌனத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது கண்டிப்பு. நீங்கள் என்ன சொல்லிக் கண்டிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆசிரியர் அறைகளில் நான் கேட்டவை எனக்குத் தெரியும். “உனக்கெல்லாம் படிப்பு எதற்கு, மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” முதலில், மாடு மேய்ப்பது அப்படியொன்றும் லேசான வேலை இல்லை. பத்து மாட்டை வெயிலில் ஓட்டிக்கொண்டு போய், பொழுது சாய ஒன்றும் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தால் தெரியும். அடுத்து, அந்த வகுப்பில் மாடு மேய்ப்பவரின் பிள்ளை உட்கார்ந்திருக்கும். திட்டு வாங்கியவன் ஒருவன்தான், ஆனால் அவன் அப்பாவைச் சேர்த்துச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடிப்பதை மட்டும் அல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். தப்பான பதிலுக்கு ஒருவன் அவமானப்பட்டதைப் பார்த்த 41 பேரும் அன்றைக்கே ஒரு முடிவெடுத்துவிடுகிறார்கள். ஜூனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு மார்ச் வரை வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறுகிறார்கள் என்பதற்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். சிரிப்பால் வகுப்பு கெடுவதில்லை. சிரிப்பு முடிந்ததும் கையில் வேலை இல்லை என்றால் கெடும். கடைசிப் பக்கத்தில் எழுத ஏதாவது இருக்கும்வரை நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

தலைமை ஆசிரியர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ளச் சொன்னால் சத்தம் வரும், அவர் வாசலில் வந்து நிற்பார். அவரிடம் போய்க் கல்வி உளவியல் பேச வேண்டாம். அவரும் வேறொரு காலத்தில் இதே மாதிரி பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்தவர்தான். அவருக்கு நன்னூலைச் சொல்லுங்கள். பவணந்தி முனிவர் எழுதி எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நூலின் முன்னுரையான பொதுப்பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’ என்கிறார். கால் பங்குக்கு மேல் ஏறாது. இன்னொரு கால் பங்கு உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் வரும். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். கணக்கு வாத்தியாராக எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். நாம் தொண்டை வறளக் கத்துவதெல்லாம் அந்த முதல் காலுக்குத்தான். முக்கால் பங்கு பிள்ளைகளின் வாயில் இருக்கிறது, அந்த வாயைத்தான் நாம் விரலை வைத்து மூடச் சொல்கிறோம். அதே பாயிரம் மாணவர்களை அன்னம், பசு என்று தொடங்கி ஓட்டைக்குடம், எருமை வரைக்கும் வரிசைப்படுத்துகிறது. அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ கொடு என்று ஆசிரியருக்கும் சொல்லிவிட்டுத்தான் அங்கே போகிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான், சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுப்பான். எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முறையை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்தினார். இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் கொண்டுவந்தவர் அவர். இங்கிலாந்துக்குத் திரும்பி, 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். அதில் மனப்பாடம் அதிகம், மெச்சிக்கொள்ள எல்லாமே இல்லை. ஆனால் பிள்ளை சொன்னால் பிள்ளைக்கு ஏறும் என்பது நம்மிடமிருந்து கப்பலேறிப் போன சரக்கு என்பதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக் கேட்பார்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்ததும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் மட்டும் பேசச் சொல்லுங்கள். “உன் விடை என்ன, ஏன்?” அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம் முடிந்தால் கையைத் தூக்குங்கள். உங்கள் கையைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தாங்களும் கையைத் தூக்க வேண்டும். முதல் வாரம் கூச்சல்தான். இரண்டாவது வாரம் அடங்கும். தொடங்குவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் போய், “ஐயா, புதன்கிழமை மூன்றாவது பீரியட் கொஞ்சம் சத்தம் இருக்கும், வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்” என்று நீங்களே அழைத்துவிடுங்கள். அழைக்கப்பட்டவர் வாசலில் நிற்க மாட்டார், உள்ளே வருவார். உள்ளே வந்தால் அவருக்கும் ஒரு கடைசிப் பக்கம் கொடுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பேசவே வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க 2007-08 வாக்கில் வந்தபோது ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருப்பார். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசிரியரின் மடியில் ஏறாத குறையாகக் கேள்வி கேட்பார்கள். அதே பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் பார்த்தால் வாயில் பூட்டு. இடையில் மாறியது உயரம்தான். ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

கடைசியாக அந்தக் கடைசி பெஞ்சுப் பையன். அவனைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவன்தான் முதலில் கண்ணில் பட்டான். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பிக் கேட்காதீர்கள். அவன் பேசினால் பரிசு என்பது போன்ற விளையாட்டும் வேண்டாம். முதலில் அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, உங்கள் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய ஒருவன், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பையன் விடுப்பு எடுத்த நாளில்தான் எனக்கு அது புரிந்தது. கண்ணாடி போட்டதும் அவனை வேறு ஆளாகப் பார்த்தோம். பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு வரும்போது அவன் பெயரை முதலில் கொடுங்கள். மாலையில் எங்கேயாவது வேலைக்குப் போகிறானா, காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவனிடமே விசாரிக்க வேண்டாம்.

பிறகு, எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், மற்றவர்களிடம் நிற்பதைப் போலவே அவனிடமும் நில்லுங்கள். நிற்பதைவிட அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்வது நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “ஏய், கடைசி பெஞ்சு” என்பது பெயர் அல்ல. அவன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால், “இதில் எந்த வரி வரைக்கும் உன்னோடு வருகிறது?” என்று மெல்லக் கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அதுவும் பேச்சுதான். ஏதாவது சரியாக எழுதியிருந்தால், “நாளைக்கு இதை நான் வகுப்பில் கேட்பேன், நீ எழுதியதையே படித்தால் போதும், சரியா?” என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். அவன் தலையை ஆட்டவில்லை என்றால் கேட்காதீர்கள். இன்னும் ஒரு வாரம் போகட்டும்.

அடுத்த திங்கட்கிழமை அந்த (0, 4) கேள்வியைப் போடுங்கள். சுற்றி வரும்போது அவனுடைய கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, தப்பும் எழுத்துப்பிழையும் இருந்தால் திருத்தாமல், அவன் எழுதியபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.